பெண்ணைக் குறிக்கும் ஆண்பால் சொல்

அயர்லாந்துக்கு நர்ஸ் வேலைக்குப் போக விரும்பியவர்களுக்குத் திண்டுக்கல்லில் அவர் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தார். அந்த நாட்டில் இருந்துவிட்டுத் திரும்பியவர். எந்த வெயிலிலும் கழுத்துவரை பொத்தான் போட்டிருப்பார். ஒவ்வொரு சொல்லுக்கும் எங்களில் ஒருத்தியை எழுப்பி நிறுத்தி உதாரணம் காட்டுவது அவர் வழக்கம்.

ஒருநாள் 'கலீன்' என்ற ஐரிஷ் சொல்லைப் பலகையில் எழுதினார். 'கலெ' என்றால் பெண், 'ஈன்' சிறியதைக் குறிக்கும் விகுதி, இரண்டும் சேர்ந்தால் சிறுபெண் என்றார். அந்த விகுதியால் இலக்கணத்தில் மட்டும் அது ஆண்பாலாம்.

வேடசந்தூரிலிருந்து வந்த ஒருத்தி, டைபாய்டு காய்ச்சலில் முடி கொட்டியதால் தலையை ஒட்ட வெட்டியிருந்தாள். அவளை எழுப்பினார்.

"அர்த்தம் பொம்பளை, பாத்தா ஆம்பளை. இந்தப் புள்ள மாதிரின்னு வச்சுக்கங்க."

வகுப்பே சிரித்தது. அவள் பையை எடுத்துக்கொண்டு வெளியேறினாள். பிறகு வரவேயில்லை.

ஒரு வாரம் கழித்து அவரிடமே போய்ச் சொன்னேன்.

"சார், நீங்க பேசுனதாலதான் அவ படிப்ப விட்டுட்டா. மில்லு வேலைக்குப் போறாளாம்."

அவர் கோபப்படவில்லை. எழுத்துப்பிழையைத் திருத்துவதுபோல மெதுவாகக் கேட்டார்.

"நான் சிரிக்கலையேம்மா. நீதானே சிரிச்ச?"

அவர் ஈரமில்லாத மனிதர் என்று பலரிடம் சொல்லியிருக்கிறேன். அந்தக் கேள்வியை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.