எட்டு மூன்றும் ஓர் ஒன்றும்

"மூணை வரிசையா எழுதிண்டே போ. கடைசியில ஒரே ஒரு ஒண்ணு. எத்தனை மூணு வேணும்னாலும் போட்டுக்கோ, ஓய்! அந்த நம்பரை எந்தக் கொம்பனாலும் மீதியில்லாம வகுக்க முடியாது. முடிஞ்சா என் மீசையை எடுத்துடறேன்!"

1975 ஜனவரியில், தில்லியின் அரசு அலுவலகம் ஒன்றின் புல்வெளியில், வேர்க்கடலைத் தோலுக்கு நடுவே பட்டாபி இப்படிப் பிரகடனம் செய்தார். கேட்டவர் பக்கத்து மேஜை கல்யாணராமன். 31, 331, 3331 என்று தொடங்கி 3,33,33,331 வரை ஏழு எண்களைப் பட்டாபி சோதித்திருந்தார். ஏழும் எதற்கும் வளைந்துகொடுக்காத பகா எண்கள். ஏழாவதற்கு மட்டும் எழுநூறு வகுத்தலுக்கு மேல். எல்லாம் அரசாங்கத் தாளில், அரசாங்க நேரத்தில். நாடு தாங்கிக்கொண்டது.

"எட்டாவது?" என்றார் கல்யாணராமன்.

"ஏழு முன்னுதாரணம் இருக்கச்சே எட்டாவதை எதுக்குய்யா நோண்டணும்?"

நியாயம்தானே. ஒரு முன்னுதாரணம் இருந்தால் அந்த அலுவலகத்தில் ஃபைல் நகரும். இரண்டு இருந்தால் மேலதிகாரி படிக்காமலே கையெழுத்திடுவார். ஏழு இருந்தால் இயற்கையும் கட்டுப்பட வேண்டியதுதான்.

கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸிலும் இதே நிர்வாகம். மனைவி வத்சலாவுக்குக் குளிர் வந்தால் மூச்சிரைப்பு. ஜனவரி பிறந்தால் ஆஸ்பத்திரி. பொங்கல் கழிந்து வீடு. 76 முதல் 82 வரை ஏழு குளிர்காலம், ஏழு தடவையும் திரும்பி வந்துவிட்டாள். அந்த அக்டோபரில் டாக்டர், இந்தக் குளிருக்கு அவளை இங்கே வைத்திருக்கக் கூடாது, தெற்கே அனுப்பியே ஆகவேண்டும் என்றார். கும்பகோணத்திலிருந்து அவள் தங்கை விசாலாக்ஷியும் வரச்சொல்லி எழுதியிருந்தாள்.

"ஏன்னா, டிக்கெட் எடுங்கோளேன். நாலு மாசம்தானே?"

"ஏழு தடவை போயிட்டு வந்தியா, இல்லியா?"

"வந்தேன். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கம்மியாத்தான் வந்தேன். நீங்க பாக்கலை."

நீ போய்விட்டால் நான் தனியாக என்ன செய்வேன் என்று பட்டாபி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மனுஷத்தனமாக இருந்திருக்கும். முன்னுதாரணத்தையே மறுபடி எடுத்துச் சொன்னார்.

ஜனவரி மூன்றாம் தேதி ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் ஏறினார்கள். "பையா, ஜல்தி!" என்று பட்டாபி முன்பக்கம் கத்திக்கொண்டிருக்க, அவர் தோளில் சாய்ந்திருந்த வத்சலா மூச்சுக்கு நடுவே கேட்டாள்.

"அந்த எட்டாவது நம்பரை வகுத்துப் பாத்தேளோ?"

"இப்ப அதுவாடி முக்கியம்?"

"சும்மாத்தான் கேட்டேன்."

நான்காம் நாள் காலை பிளாஸ்கில் ரசத்தோடு போனார். காலிக் கட்டிலில் சலவை விரிப்பு விரித்திருந்தார்கள்.

பதின்மூன்று நாளும் முடிந்து, வந்தவர்கள் ரயிலேறிய பிறகு, பட்டாபி சமையலறையில் தரையில் உட்கார்ந்தார். விசாலாக்ஷியின் கடிதத்தைத் திருப்பிப்போட்டு 33,33,33,331 என்று எழுதினார். இரண்டு, மூன்று, ஐந்து போகாது. ஏழில் மீதி. பதினொன்றில் மீதி. பதின்மூன்றிலும் மீதி. பதினேழில் கடைசி வரியில் சைபர் விழுந்தது. ஈவு 1,96,07,843.

பெருக்கிப் பார்த்தார். சரியாகத்தான் இருந்தது. மொத்தம் ஏழே வகுத்தல். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

பட்டாபி சொன்ன சொல் தவறாதவர். கை தானாக மேலுதட்டுக்குப் போயிற்று. மீசை அங்கே இல்லை, காரியத்தின்போதே எடுத்தாகிவிட்டது.