பறிக்காத பூவுக்கு ஆசைப்பட்டவர்

ஆழ்வார்குறிச்சியில் நான் இலைமுன் உட்கார்ந்து இரண்டாவது கை சோற்றை எடுத்தபோது, சேர்மாதேவியிலிருந்து ரயிலேறி வந்த ஆள் வாசலில் நின்று சொன்னான்: "அண்ணாச்சி, உங்க அத்தான் தவறிட்டாக."

இலையை மூடினேன். என் வாயில் வந்த முதல் கேள்வி, எப்படி என்பதல்ல. "எங்க வச்சு? தோட்டத்துலயா?" என்றுதான் கேட்டேன்.

"இல்ல அண்ணாச்சி. காலையில தோட்டத்துக்குப் போகலாம்னு எழும்பியிருக்காக. புறவாசப்படியில அப்படியே உக்காந்துட்டாக. அம்புட்டுதான்."

எமன் இன்னும் நாலடி நடக்க விட்டிருக்கலாம். ஆனால் என் அத்தான் ஆவுடையப்ப பிள்ளை அவர்களின் தோட்ட விஷயத்தில் மனிதரும் ஒத்துழைத்ததில்லை, தெய்வமும் ஒத்துழைத்ததில்லை. எமன் மட்டும் எதற்கு விலக்காக இருக்க வேண்டும்?

அவர்களை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். என் அக்காளின் கணவர். முன்சீப்பு கோர்ட்டில் குமாஸ்தாவாக ஆயுளில் பாதியைக் கழித்தவர்கள். வரப்பு வழக்கு, வாய்க்கால் வழக்கு, தென்னைமரம் யார் பக்கம் சாய்ந்தது என்கிற வழக்கு. அந்தக் கூப்பாட்டைக் கேட்டுக் கேட்டுப் பொதிகைமலையே ஒரு முழம் மேற்கே நகர்ந்துவிட்டது என்பது என் கணக்கு. அத்தான் அவர்களோ நகரவும் முடியாமல் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

ஒருநாள் பாளையங்கோட்டையில் ஒரு துரையின் பங்களாவுக்குக் காகிதக் கட்டு கொண்டுபோனவர்கள், திரும்பும்போது வேறு ஆளாக வந்தார்கள். "வே மாப்ளே, துரை சும்மா உக்காந்திருந்தாரு வே. சுத்தியும் செடி. செடியிலயே பூ இருக்கு! நேரம் மத்தியானம். ஒருத்தன் பறிக்கல!" என்று என்னிடம் சொன்னபோது அவர்கள் கண் கலங்கியிருந்தது. செடியில் இருக்கிற பூவின் பக்கத்தில் ஒரு மாலைப்பொழுது சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். அவர்கள் இந்த உலகத்திடம் கேட்டது அவ்வளவுதான்.

வால் நட்சத்திரம் தோன்றிய வருஷம் பென்ஷன் வாங்கிக்கொண்டு சேர்மாதேவிக்கு வந்தார்கள். அந்த நட்சத்திரத்தால் உலகத்துக்குக் கேடு என்று ஊர் நடுங்கியது. வந்த கேடு முழுவதும் அத்தான் ஒருவருக்குத்தான். வீட்டுக்குப் பின்னால் கயிறு பிடித்து, முளை அடித்து, பாத்தி பிரித்தார்கள். கன்னடியன் கால்வாயை வெட்டியவர்கள்கூட அத்தனை முளை அடித்திருக்க மாட்டார்கள். நந்தியாவட்டை, செவ்வரளி, பிச்சி, பவளமல்லி எல்லாம் வந்தன. எந்தச் செடி எந்தச் செடியின் வெயிலை மறைக்கக் கூடாது என்பதற்கு ஒரு தீர்ப்பே எழுதினார்கள். நடுவில் உட்கார வழவழப்பான ஆற்றுக் கல் ஒன்றை வண்டி கட்டிக் கொண்டுவந்து போட்டார்கள். கிளி வந்தாலும் அனுமதி கேட்டு உட்காரும்படியான ஒழுங்கு!

செடிகள் முதன்முதலாகப் பூத்த அன்று, விடிந்ததும் போய்ப் பார்த்தார்கள். ஒரு பூ இல்லை. எதிர்வீட்டுக் காந்திமதியம்மாள் நிறைந்த கூடையோடு நின்றார்.

"அண்ணாச்சி, உங்க கைராசியே ராசி! ஒத்த நந்தியாவட்டையில அரைக்கூடை எடுத்துட்டேன்!"

"ஒண்ணு ரெண்ட விட்டிருக்கப்படாதா தாயி?"

"எதுக்கு அண்ணாச்சி?"

"பாக்கதுக்கு."

"பாக்கதுக்கா? அதான் கூடையில இருக்குல்லா. நல்லாப் பாருங்க!"

நம் ஊரில் பூ என்றால் சாமிக்கு, மிச்சம் கூந்தலுக்கு. செடியில் விட்டு வாட விடுவது பாவம். கோவிலுக்கென்று கேட்டு வருபவரை மறுப்பது அதைவிடப் பெரிய பாவம். என் அக்காள் அந்தப் பாவத்துக்கு அஞ்சி, விடியுமுன்பே வேலிக்கதவைத் திறந்து வைத்து ஊரை வரவேற்றாள்.

அத்தான் பூட்டு வாங்கிப் போட்டார்கள். அக்காள் முன்வாசலைத் திறந்தாள். முன்பு வேலி வழியாக வந்த கூட்டம், பிறகு வீட்டுக்குள்ளே புகுந்து, அத்தான் படுத்திருந்த பாயைத் தாண்டிக்கொண்டு போயிற்று. ஒரு கிழவர் கால் இடறி அத்தான் மேலேயே விழுந்து, "பாத்துப் படுக்கப்படாதா பிள்ளைவாள்?" என்று கோபித்துக்கொண்டார்.

சிவன் வேண்டாமென்று தள்ளிய பூ தாழம்பூ ஒன்றுதானே? கோர்ட்டு மூளை அல்லவா, தாழையை நட்டுப் பொறுமையாகக் காத்தார்கள். அது பூத்ததும் தெருப் பெண்கள் மொத்தமாக வந்தார்கள். "சாமிக்கு ஆகாட்டி என்ன அண்ணாச்சி, எங்க சடைக்கு ஆகும்லா!"

அடுத்த யோசனை என்னுடையது. இன்றும் அது அருமையான யோசனை என்றே சாதிப்பேன், ஊர்தான் சரியில்லை. ஆளை அடிக்கிற உக்கிர தெய்வம் இசக்கி தோட்டத்தில் நடமாடுகிறாள் என்று கிளப்பிவிட்டேன்.

"பயப்படுவாங்களா வே?"

"பயப்படுவாங்களாவா? ஊரே காலி பண்ணிட்டு நாங்குநேரிக்குப் போயிரும் அத்தான்!"

வந்த வெள்ளிக்கிழமையே பொங்கல் பானைகளோடு வந்தார்கள். அத்தான் உட்காருவதற்குப் போட்ட கல்லுக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து, சேலை கட்டி, தோட்டத்துப் பூவையெல்லாம் பறித்துச் சாத்தினார்கள். அந்தக் குலவைச் சத்தத்தில் தாமிரபரணி ஒரு நாழிகை பின்னோக்கி ஓடியிருக்கும். அத்தான் என்னைத் திட்டவில்லை. சேலை கட்டிய கல்லைப் பார்த்துக்கொண்டே மெல்லச் சொன்னார்கள்: "அடுத்தவன் இடத்த எவன் பிடிச்சான்னு ஆயுசு பூரா எழுதுனேன் மாப்ளே. இப்போ என் இடத்த சாமியே பிடிச்சிட்டு. பிராது யார் மேல குடுக்க?"

அப்படியும் விடவில்லை. தண்ணீர் ஊற்றுவதும் களை பறிப்பதுமாகவே கடைசி வருஷங்கள் போயின. காலையில் மொட்டைச் செடியைப் பார்த்து, "நாளைக்கு" என்பார்கள். சாவுச் செய்தி கேட்டு நான் போய் இறங்கிய அன்று அவர்களுக்கு மாலை கட்ட அவர்கள் தோட்டத்தில் ஒரு பூ இல்லை. விடியலிலேயே எல்லாம் கோவிலுக்குப் போயிருந்தது. சந்தையில் வாங்கிய மாலையோடுதான் அவர்களைக் கொண்டுபோனோம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

மறுநாள் விடிந்தது. பூப்பறிக்க ஒருவரும் வரவில்லை. மரியாதை என்று நினைத்தேன். அதற்கடுத்த நாளும் வரவில்லை. தெருவில் காந்திமதியம்மாளைக் கேட்டேன். "தீட்டு வீட்டுப் பூ சாமிக்கு ஆகாதுல்லா" என்றார்.

பூட்டும் தாழையும் இசக்கியும் செய்யாததை அந்த மனிதரின் சாவு செய்துவிட்டது. தோட்டம் பூத்தது. நந்தியாவட்டை செடி தெரியாமல் வெளுத்துக் கிடந்தது. செவ்வரளி உச்சிவெயிலிலும் கிளையிலேயே இருந்தது. பிச்சி மாலையில் விரிந்தது, மறுநாள் வாடும்வரை யாரும் தொடவில்லை. பார்ப்பதற்கு நான் இருந்தேன். பார்க்க வேண்டியவர் இல்லை. கல்லால் அடிக்கலாம் என்றால் யாரை அடிப்பது?

பதினாறாம் நாள் விசேஷத்துக்கு முந்தின மாலை, அக்காள் தோட்டத்துக்கு வந்து செடிகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்தாள். வேலிக்கு அப்பாலிருந்து காந்திமதியம்மாள் கேட்டார்: "மதினி, நாளையோட தீட்டு கழிஞ்சுரும்லா? மறுநாள் கூடையோட வரட்டா?"

அக்காள் திரும்பவில்லை. "எங்க வீட்டுத் தீட்டு ஒரு வருஷம்."

"ஒரு வருஷமா? அப்படி எங்கயும் கேட்டதில்லையே மதினி!"

"இப்போ கேட்டுட்டேல்லா."

அவர் போன பிறகு, "இது எந்தச் சாஸ்திரத்துல இருக்கு அக்கா?" என்றேன்.

"சும்மா கிட லே," என்றாள். விரிந்த பிச்சியைப் பார்த்தபடியே சொன்னாள்: "செடியில இருந்தா இப்படியா இருக்கும்? அவுக சொல்லச் சொல்ல எனக்கு வெளங்கலயே. பறிச்சுத் தலையில வச்சே பழகிட்டேன். இனிமே எனக்கும் பூ செடியிலதானலே."

வாடிய செவ்வரளி ஒன்று தானாகக் கழன்று அவள் மடியருகே விழுந்தது. அவள் அதை எடுக்கவில்லை.

அத்தான் அவர்களே, இனி ஒரு வருஷம் உங்கள் தோட்டத்தில் எவர் கையும் படாது. பொழுதோடு அங்கே போய் உட்கார ஆளும் இருக்கிறது. நிம்மதியாகப் போய் வாருங்கள்.