ஓனர் இல்லாத கம்பெனியில் வேலை பார்த்தேன்

பணம் எடுக்கும் வசதி நின்றுபோன அன்று காலை, நான் அலுவலகத்துக்கு வருவதற்கு முன்பே மாடிப்படி முழுக்க ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். காரைக்குடி நூறடி ரோட்டில் ஒரு மொபைல் கடைக்கு மேல் இருந்தது எங்கள் அலுவலகம். கம்பெனி விற்றது ஒரு கிரிப்டோ நாணயம். டோக்கன் என்று சொல்வோம். நான் தமிழ் கஸ்டமர் சப்போர்ட் ஹெட்.

அதற்கு முன் சென்னையில் பல வருடம் கால் சென்டரில் இருந்தவள் நான். கத்துகிற கஸ்டமரைச் சமாளிப்பது எனக்குப் புதிதல்ல. ஆனால் அன்று யாரும் கத்தவில்லை. "சர்வர்ல கோளாறா மேடம்? சாயங்காலத்துக்குள்ள சரியாயிருமா?" என்று மரியாதையாகக் கேட்டார்கள். அந்த மரியாதையை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

பாண்டியம்மாள்

படியில் உட்கார்ந்திருந்தவர்களில் பாண்டியம்மாளும் ஒருத்தி. பள்ளத்தூரில் தையல் கடை வைத்திருந்தாள். கணவன் விட்டுவிட்டுப் போய்ப் பல வருடம் ஆயிற்று. எம்ப்ராய்டரி மெஷின் வாங்க லோன் கேட்டு ஒரு பேங்குக்கு நடையாய் நடந்திருக்கிறாள். "வீட்டுக்காரர் வரலையா, ஜாமீனுக்கு ஆள் யாருன்னு கேட்டே அனுப்பி வச்சாக அக்கா. நான் தைக்கிறதப் பத்தி ஒருத்தரும் ஒரு வார்த்தை கேக்கல" என்று ஒருமுறை என்னிடம் சொன்னாள்.

அப்படிப்பட்டவளின் காதில்தான் எங்கள் ரீஜனல் ஹெட் நரேனின் பேச்சு விழுந்தது. கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டு, கோட்டு சூட்டு இல்லாமல் சாதாரண டி-ஷர்ட்டில் வந்து பேசினான். "இங்க முதலாளி கிடையாது. மேனேஜர் கிடையாது. இதுக்குப் பேரு டீசென்ட்ரலைசேஷன். அதிகாரம் ஒரு இடத்துல இருக்காது. டோக்கன் வச்சிருக்கிற எல்லாருமே முதலாளி. எந்த முடிவா இருந்தாலும் ஓட்டு போட்டுத்தான் எடுப்போம்."

பாண்டியம்மாள் எழுந்து நின்று, "என் ஓட்டுக்கும் மதிப்பு இருக்குமா சார்?" என்று கேட்டாள்.

"நீங்கதாம்மா முதலாளி" என்றான். மண்டபமே கை தட்டியது. மெஷினுக்காகச் சேர்த்து வைத்திருந்ததை அவள் மறு வாரம் டோக்கனில் போட்டாள்.

பேராசைக்காரர்கள் பட்டுத் திருந்தட்டும் என்று இன்றைக்கும் சிலர் என்னிடம் சொல்கிறார்கள். அவள் பேராசைக்காரி இல்லை. எதையும் கையைக் கட்டி நின்று கேட்க வேண்டாத ஓர் இடம் இருக்கிறது என்று நம்பினாள், அவ்வளவுதான்.

ஓட்டு

படியில் கூட்டம் கூடிய இரண்டாம் நாள் கம்பெனி ஓர் அறிவிப்பு போட்டது. நாணயத்தின் விலை விழாமல் இருக்க, ஏற்கெனவே நின்றுபோன பணம் எடுக்கும் வசதியை மேலும் ஒரு வருடம் நிறுத்தி வைக்கலாமா, வேண்டாமா? டோக்கன் வைத்திருப்பவர்கள் ஓட்டு போடலாம்.

நான் அதை ஒரு கண்துடைப்பு என்றுதான் நினைத்தேன். பாண்டியம்மாள் அப்படி நினைக்கவில்லை. கடையில் தையலை ஓரங்கட்டிவிட்டு, வந்தவர்களுக்கெல்லாம் போனில் ஓட்டு போடுவது எப்படி என்று சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். கீழச்சிவல்பட்டியிலிருந்து ஒரு எலக்ட்ரீஷியன் தன் தெருக்காரர்களைக் கூட்டி வந்தார். திருப்பத்தூரிலிருந்து பஸ் பிடித்து வந்தவர்களும் உண்டு. பாஸ்வேர்டை மறந்தவர்கள் வந்தால் எனக்குப் போன் போட்டுக் கொடுப்பாள். "அக்கா, இவுகளுக்குக் கொஞ்சம் பாத்து விடுங்க. வேணாம்னு போடத்தான் வந்திருக்காக."

கடைசி நாள் மாலை 'வேண்டாம்' பக்கம் வெகுதூரம் முன்னால் இருந்தது. பாண்டியம்மாள் போனில் சிரித்தாள். அவள் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

ஓட்டு முடியப்போகிற நேரத்தில் மூன்றே மூன்று கணக்குகள் 'நிறுத்தலாம்' என்று போட்டன. அத்தனை பேரின் ஓட்டும் அதற்கு முன்னால் ஒன்றுமில்லாமல் போயிற்று.

நரேனுக்குப் போன் செய்தேன். "யார் சார் அந்த மூணு பேர்?"

"ஒண்ணு நம்ம கம்பெனியோட ட்ரெஷரி, கஜானா கணக்கு. மத்த ரெண்டும் ஃபவுண்டர்ஸ். இதுல என்ன மேடம்?"

"எல்லாருக்கும் ஓட்டுன்னு சொன்னீங்களே?"

"ஒரு டோக்கனுக்கு ஒரு ஓட்டு. டோக்கன்ல பெரும்பங்கு அவங்ககிட்டதான் இருக்கு. ரூல்ஸ்ல தெளிவா இருக்கு. ஆளுக்கு ஒரு ஓட்டுன்னு நான் எங்கயாவது சொன்னேனா? அவங்க படிக்கலைன்னா நான் என்ன பண்றது?"

ஒளித்துப் பேசியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு கோபம் வந்திருக்காது. அதில் வெட்கப்பட ஏதாவது இருக்கிறது என்பதே அவனுக்குத் தெரியவில்லை.

வாசிக்கச் சொன்னது

மறுநாள் காலை தமிழ் கஸ்டமர்களின் ஆன்லைன் குரூப்பில் எல்லோரும் கேட்கும்படி நேரலையில் நான் வாசிக்க வேண்டும் என்று நரேன் ஒரு ஸ்கிரிப்ட் அனுப்பினான். 'சமூகத்தின் ஜனநாயக முடிவின்படி, பணம் எடுக்கும் வசதி நிறுத்தி வைக்கப்படுகிறது.'

நேரலையைத் திறந்தேன். முதல் ஆளாகப் பாண்டியம்மாளின் பெயர் தெரிந்தது. ஸ்கிரிப்டை மூடி வைத்துவிட்டுச் சொன்னேன்: "நீங்க யாரும் இந்த முடிவை எடுக்கல. கம்பெனியும் அதை ஆரம்பிச்ச ரெண்டு பேரும் சேர்ந்து ஓட்டு போட்டு உங்க பணத்தை நிறுத்தியிருக்காங்க. ஓட்டு போட்ட கணக்கு அவங்களோடதுதான்னு நரேன் சாரே என்கிட்ட..."

அதற்குமேல் என் குரல் யாருக்கும் போகவில்லை. குரூப்பிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். மதியத்துக்குள் வேலையும் போயிற்று. அதிகாரம் ஓரிடத்தில் இல்லாத கம்பெனிக்கு என்னைத் துரத்த ஓட்டெடுப்பு எதுவும் தேவைப்படவில்லை.

அந்த வாரமே பாண்டியம்மாளும் சிலரும் சிவகங்கையில் போலீசில் புகார் கொடுக்கப் போனார்கள். நானும் உடன் போனேன்.

"ஓனர் யாரும்மா?" என்று அதிகாரி கேட்டார்.

"ஓனரே கிடையாதுன்னு சொல்லித்தான் சார் எங்ககிட்ட வித்தாக" என்றாள் பாண்டியம்மாள்.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். புகாரில் ஓனர் என்று எழுத அவர்களிடம் ஒரு பெயரும் இல்லை. நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். எனக்கு உத்தரவு போட்டது யார், சம்பளம் போட்டது யார், ஓட்டின் முடிவை மாற்றியது யார் என்று ஒவ்வொரு பெயராகச் சொன்னேன். சாட்சியாகக் கையெழுத்தும் போட்டேன். ரகசியத்தை வெளியிட்டதாகக் கம்பெனி எனக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது. அனுப்பட்டும்.

வழக்கு நடக்கிறது. பணம் இன்னும் வரவில்லை. பாண்டியம்மாள் பழைய மெஷினில்தான் தைக்கிறாள். "முதலாளி இல்லாத இடம் வேணும்னு நெனச்சது தப்பில்லக்கா. அந்த நெனப்பையே தூண்டில்ல மாட்டுனானுக பாருங்க, அதத்தான் என்னால பொறுக்க முடியல" என்கிறாள். என்னாலும் முடியவில்லை.

கஸ்டமர் சப்போர்ட் வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். 'நிறுத்தப்பட்டுள்ளது', 'முடிவெடுக்கப்பட்டது' என்று உங்கள் கையில் எழுதிக் கொடுப்பார்கள். நிறுத்தியது யார், முடிவெடுத்தது யார் என்று கேளுங்கள். பெயர் சொல்ல மாட்டார்கள். அப்படியானால் அதை வாசிக்காதீர்கள். எதிர்முனையில் இருப்பவர் உங்கள் குரலை நம்பித்தான் காத்துக்கொண்டிருக்கிறார்.