ஒரே தூக்கில் இரண்டு டப்பா மாத்திரை

கொடுப்பது மருந்தா மாவா என்று கொடுக்கிறவனுக்கும் தெரியக்கூடாது. மருந்து ஆராய்ச்சி வேலையில் முதல் பாடம் இதுதான். எண்பதுகளில் திண்டிவனத்தில் ஒரு மனநல ஆராய்ச்சிக்குக் களப்பணியாளனாக இருந்தேன். நோயாளிகளில் பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை, மீதிப் பேருக்கு அதே நிறத்தில் வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எது என்பது டாக்டரின் பீரோவில், ஒட்டிய கவருக்குள். படிவமும் பையுமாக பஸ்ஸில் தொங்கிய சகாக்களே, உங்களுக்கு இது புதுக் கதையாக இருக்காது.

கைநாட்டு

மரக்காணம் பக்கத்துக் குப்பத்தில் அடுத்தடுத்த வீட்டில் இரண்டு நோயாளிகள். ஒருவன் அஞ்சலையம்மாவின் மகன் ஏழுமலை, மற்றவர் காத்தாயியின் புருஷன் பச்சையப்பன். ஒரே கட்டுமரத்தில் கடலுக்குப் போனவர்கள். காதில் குரல் கேட்க ஆரம்பித்து, இருவரும் வலையைத் தொட்டு மாசக்கணக்காகியிருந்தது.

சம்மதப் படிவத்தை நான்தான் வாசித்தேன். நாலு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், அதனால் கண்டக்டர் ஸ்டாப்பிங் பெயர் சொல்கிற வேகத்தில் வாசித்தேன். மாவு மாத்திரை வரி எப்போது வந்தது, எப்போது போனது என்று எனக்கே தெரியாது. புரிந்ததா என்று ஒப்புக்குக் கேட்டேன். அஞ்சலையம்மா கட்டைவிரலை நீட்டிக்கொண்டே சொன்னார்:

"படிச்சவங்க நீங்க, கெட்டதா எழுதிக்கினு வரப் போறீங்க? எங்க வைக்கணும், சொல்லுங்க சார்."

மிச்ச மாத்திரை

இரண்டே மாதத்தில் ஏழுமலை கடலுக்குப் போக ஆரம்பித்தான். பச்சையப்பன் மூலையிலேயே கிடந்தார். மாதாமாதம் போய் மிச்ச மாத்திரையை எண்ணுவேன். இரண்டு டப்பாவிலும் ஒன்றுகூட முன்பின் இருக்காது. டாக்டரிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

நாலாம் மாதம் ஏழுமலை நடுக்கடலில் கட்டுமரத்திலிருந்து குதித்துவிட்டான். கூடப் போனவர்கள் முடியைப் பிடித்து இழுத்துப் போட்டார்கள். மாத்திரையெல்லாம் சரியாக இருந்ததே என்று டாக்டரிடம் உளறினேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"மாத்திரை சரியா இருக்குது, ஆளு சரியா இல்லையே. சொல்லாம போய்ப் பாருப்பா."

பங்கு

சொல்லாமல் போனேன். அஞ்சலையம்மாவின் அடுப்பு மேடையில் ஒரு தூக்குச் சட்டி. அதற்குள் இரண்டு பேர் மாத்திரையும் ஒன்றாகக் கிடந்தன. அந்தக் குப்பத்தில் வலையில் வந்ததைக் கரையில் கொட்டிப் பங்கு வைப்பார்கள். உடம்பு முடியாமல் கரையில் நின்றவன் வீட்டுக்கும் பங்கு உண்டு. அஞ்சலையம்மா எதையும் மறைக்கவில்லை.

"எம்புள்ள டப்பா நல்ல டப்பா, தன் வீட்டு டப்பா சரியில்லைன்னு காத்தாயி அழுதுச்சி. ரெண்டையும் கொட்டிக் கலந்து பங்கு போட்டுக்கினோம். நீங்க வர்ற அன்னிக்கி டப்பாவுல பிரிச்சிப் போட்டுடுவோம், உங்களுக்கு ஏன் பேஜாருன்னு."

கவர் பிரித்த நாள்

டாக்டர் கவரைப் பிரித்தார். ஏழுமலைக்கு நிஜம், பச்சையப்பனுக்கு மாவு. பெற்ற தாய் மகனின் மருந்தில் பாதியைக் கொடுத்துவிட்டு மாவை வாங்கிப் போட்டிருக்கிறார். இரண்டு பெண்களையும் வரவழைத்து டாக்டர் முன்னால் உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னேன், இந்த முறை மெதுவாக. வெட்கமாக இருந்தது.

டாக்டர் அன்றே இருவரையும் ஆராய்ச்சியிலிருந்து எடுத்து நிஜ மருந்தில் போட்டார். ஆளுக்கு ரெண்டு மாசம் மாத்தி மாத்திக் கொடுத்திருந்தால் எது நிஜம் என்று ரெண்டு பேருக்குமே தெரிந்திருக்குமே என்று அஞ்சலையம்மா கேட்டார். அப்படி ஒரு முறை இருப்பதாகவும், தானும் கேட்டதாகவும், நாளாகும் என்று மேலிடத்தில் மறுத்துவிட்டதாகவும் சொல்லி டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார். காத்தாயி என்னை மட்டும் பார்த்தார்.

"நமக்கு மட்டும் ஏன் நல்லாவலைன்னு மனுசன் செவுத்துல தலைய முட்டிக்கினு இருந்தாரு. மாவுன்னு ஒரு வார்த்தை புரியறாப்புல சொல்லியிருக்கலாம் சார்."

கடைசி அறிக்கையில் அந்த இரண்டு பேரையும் 'விதி மீறியவர்கள்' என்ற கட்டத்தில் போட்டார்கள். பஸ்ஸுக்காகப் படிவத்தை ஒப்பித்தவனைப் போட அதில் கட்டம் இல்லாததால் நான் தப்பித்தேன்.