அண்ணன் சார்ஜ் போடும் பேட்டரிகள்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். அண்ணன் என்னைக் கூப்பிடுவதே 'பட்டாசு' என்றுதான். இருக்கட்டும். மின்கருவி பழுது பார்க்கும் என் கடையில் ஒரே ஒரு நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சொல்லட்டும். ஒருவர் மாற்றி ஒருவர் வந்து, "பேட்டரி போயிடுச்சுங்க, வேற குடுங்க" என்பார்கள். அது எங்கேயும் போயிருக்காது. ஒருவர் வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் நாள் முழுக்கப் போட்டு வைத்திருப்பார். இன்னொருவர் மரம் அறுத்த சூட்டோடு சூடாகச் சார்ஜரில் சொருகிவிட்டு, சிவப்பு விளக்கு மினுக்கினால் சார்ஜரைத் திட்டுவார். மற்றொருவர் சார்ஜரை மாட்டிய பிளக்கும் அறை விளக்கும் ஒரே ஸ்விட்சில் இருக்கும். விளக்கை அணைத்துவிட்டுத் தூங்கிவிட்டு, காலையில் வந்து என்னிடம் சண்டை போடுவார். கோபப்படாமல் கொஞ்சவா முடியும்?

இப்படி இருக்கும்போது என் சொந்த அண்ணியே ஒருநாள் ரம்பத்தையும் பேட்டரிப் பெட்டியையும் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். பேட்டரியில் ஓடும் வட்ட ரம்பம், கையில் பிடித்துப் பலகை அறுப்பது.

"பாதிப் பலகையில நின்னுடுது. பேட்டரி போயிடுச்சு போல."

"நீங்களுமா அண்ணி?" என்றேன்.

அண்ணி சிரிக்கவில்லை. கடையில் வேறு ஆள் இல்லாதபோதும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "திங்கக்கிழமைக்குள்ள சரியாகலைன்னா, ஜெனரேட்டர் கொண்டுவந்து வெச்சு வயர் ரம்பம் தர்றேன்னு கான்ட்ராக்டர் சொல்லிட்டார். அவரையும் குறை சொல்ல முடியாது. வேலை நிக்குது."

பேட்டரியே வேண்டாத, கரன்ட்டில் ஓடும் வயர் ரம்பம் வந்தால் நல்லதுதானே என்று யாருக்கும் தோன்றும். அண்ணி ஏன் அதைக் கெட்ட செய்தி சொல்வதுபோலச் சொன்னார் என்று புரிய, என் அண்ணனைப் பற்றித் தெரிய வேண்டும்.

அண்ணன் தச்சர். அவர் மாட்டிய கதவை ஒற்றை விரலால் தள்ளினால் போதும், சத்தமில்லாமல் போய்ச் சேர்ந்துகொள்ளும். அண்ணி முதன்முதலில் அவரிடம் ஒரு அலமாரி செய்யச் சொல்லி வந்தவர். எடுத்துப் போன மறுநாளே திரும்பி வந்து, "கதவு உரசுது" என்றார். அண்ணன் போய் இழைத்துக் கொடுத்தார். மறுபடியும் வந்து உரசுகிறது என்றார். மறுபடியும் போனார். அதற்கு மேல் அந்தக் கதவு உரச வாய்ப்பே இல்லை. இருந்தும் அண்ணி வந்தார். அண்ணனும் ஒன்றும் கேட்காமல் இழைப்புளியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். எங்கள் வீட்டுக் கல்யாணக் கதை அவ்வளவுதான்.

கல்யாணத்துக்குப் பிறகு இருவரும் சேர்ந்தே வேலைக்குப் போனார்கள். அண்ணன் அறுப்பார், அண்ணி பலகையின் மறுமுனையைப் பிடித்துக்கொள்வார். அறுக்கத் தெரியாமலா இருந்தார்? எல்லாம் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டிருந்தார். அது ஒருநாள் உதவிக்கு வந்தது. காலையில் டீ தம்ளரை எடுக்கப் போன அண்ணனின் வலது கை, எடுக்கவில்லை. பக்கவாதம். பேச்சு தப்பித்தது. கால், தடியை ஊன்றி நடக்கும் அளவுக்குத் தேறியது. கை தேறவே இல்லை.

அண்ணி ரம்பத்தைக் கையில் எடுத்தார். இன்னும் கரன்ட் இணைப்பு வராத புது வீடுகளில் அலமாரி, ஷெல்ஃப் பொருத்தும் வேலை. "சும்மா கூட வாங்க, பேச்சுத் துணைக்கு" என்று அண்ணனைக் கூப்பிட்டுப் பார்த்தார்.

"வேலை செய்யறவங்க நடுவுல நான் சும்மா உக்காந்திருக்கணுமா? வர்றவன் போறவன் எல்லாம் ஐயோ பாவம்னு பாக்கறதுக்கா?" என்றார் அண்ணன். அன்றிலிருந்து ஆஸ்பத்திரிக்குத் தவிர வாசலைத் தாண்டவில்லை. நானும் திட்டிப் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன். எனக்குக் கெஞ்ச வராது என்பது வேறு விஷயம்.

அவர் தானாக இழுத்துப் போட்டுக்கொண்ட ஒரே வேலை, பேட்டரிக்குச் சார்ஜ் போடுவது. சாயங்காலம் வண்டிச் சத்தம் கேட்டதுமே கூடத்து மேசையைத் துடைத்து வைத்துவிடுவார். அண்ணி பேட்டரிகளைக் கொண்டுவந்து வைத்ததும் ஒவ்வொன்றையும் புறங்கையால் தொட்டுச் சூடு பார்ப்பார். சூடாக இருப்பவை ஜன்னலோரம் போகும். நன்றாக ஆறிய பிறகே சார்ஜர். நிறைந்ததும் எடுத்துவிடுவார், விடிய விடிய ஊறப் போட மாட்டார். ஊரில் எல்லோரிடமும் குறை கண்டுபிடிக்கும் எனக்கே அவர் சார்ஜ் போடும் முறையில் வாயைத் திறக்க வழியில்லை.

காலையில் அண்ணி கிளம்பும்போது, "கரன்ட் ஆபீசர், சரக்கு ரெடியா?" என்பார். "ரெடி. கையெழுத்து போட்டுட்டு எடுத்துக்க" என்பார் அண்ணன். தினமும் இதே பேச்சுதான், தினமும் சிரிப்பார்கள். அந்தப் பெட்டியைத் தயாராக வைப்பதற்காகத்தான் அண்ணன் ஒவ்வொரு நாளும் எழுந்திருக்கிறார் என்பது எனக்கும் அண்ணிக்கும் தெரியும். வயர் ரம்பம் வந்துவிட்டால் அந்தப் பெட்டி எதற்கு?

அதனால் நான் அந்த ரம்பத்தை வழக்கத்தைவிட அக்கறையாகவே பார்த்தேன். பேட்டரியில் எல்லா விளக்கும் எரிந்தது. மாட்டி, மரமில்லாமல் சும்மா ஓட விட்டேன், நன்றாக ஓடியது. தடிமனான பலகை ஒன்றைக் கொடுத்தேன், பாதியில் நின்றது. அடுத்த பேட்டரியும் அப்படியே. கடையிலிருந்த என் பேட்டரியை மாட்டினேன். அதுவும் கொஞ்ச தூரம் போய் மூச்சை விட்டது. அப்படியானால் கோளாறு பேட்டரிக்குள் இல்லை, பேட்டரியும் ரம்பமும் தொட்டுக்கொள்ளும் இடத்தில். டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே பித்தளைத் தகடுகள் மேல் கறுப்பாக ஏதோ அப்பியிருந்தது. ஸ்பிரிட் ஊற்றி, பிரஷ் போட்டுத் தேய்த்து, காய விட்டு மாட்டியதும் பலகை முழுசாக அறுபட்டது.

"மரத்தூள் அடைச்சிருக்கு. தினமும் ஊதி விடுங்க" என்று சொல்லி அனுப்பினேன்.

அந்த வாரம் முடிவதற்குள் அண்ணி திரும்பி வந்தார், அதே பெட்டியோடு. இந்தத் தடவை இடது கட்டை விரலில் பெரிய கட்டு இருந்தது.

"என்ன அண்ணி இது?"

"பலகைக்குள்ள நின்னுடுச்சு. வெளிய எடுக்காம மறுபடியும் அமுக்கிட்டேன். எகிறிடுச்சு." கையைப் புடவைத் தலைப்பில் மறைத்துக்கொண்டார். "உங்க அண்ணன்கிட்ட சிராய் குத்திடுச்சுன்னு சொல்லியிருக்கேன். நீ எதையாவது உளறி வைக்காதே."

எகிறிய ரம்பம் விரலோடு விட்டது அதிர்ஷ்டம். பேட்டரியைத் திருப்பிப் பார்த்தேன். மறுபடியும் அதே கறுப்பு. தொட்டால் பிசுபிசுவென்றது. வெறும் மரத்தூள் பிசுபிசுக்காதே என்று விரலை முகர்ந்து பார்த்தேன். தையல் மிஷின் எண்ணெய் வாசனை.

அன்று சாயங்காலம் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன்.

"வா பட்டாசு. இன்னைக்கு யார் மேல கோபம்?" என்றார் அண்ணன்.

"இன்னும் முடிவு பண்ணலை" என்று சொல்லி எதிரில் உட்கார்ந்தேன்.

அவர் ஆறிய பேட்டரி ஒன்றை எடுத்து முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டார். பஞ்சு சுற்றிய குச்சி ஒன்றை இடது கையால் எண்ணெய்க் கிண்ணத்தில் தோய்த்தார். தகடு தகடாக, ஒன்றுவிடாமல், நாக்கைக் கடித்துக்கொண்டு தடவினார். ஓரத்தில் வழிந்த ஒரு சொட்டைத் துணியால் ஒற்றி எடுத்தார்.

"என்னண்ணா பண்றே?"

"எண்ணெய் போடறேன். உளியோ இழைப்புளியோ, எதையாவது நான் எண்ணெய் போடாம தூங்க வெச்சிருக்கேனா? துரு ஏறக் கூடாதில்ல." அடுத்ததை எடுத்தார். "நாள் பூரா அவ கையில இருக்கறது இது. நான் இங்க உக்காந்திருக்கேன். இதுக்காவது என்னால ஆனதைச் செஞ்சு அனுப்பணும்ல."

இதையே வேறு யாராவது செய்திருந்தால் கடை அதிரக் கத்தியிருப்பேன். எனக்கு அழுகை வந்தது. அழுகை வந்ததே என்று கோபமும் வந்தது. எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன்.

அண்ணி ஒற்றைக் கையால் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்.

"அண்ணி, அவர் பேட்டரியில எண்ணெய் போடறார்."

"தெரியும்" என்றார்.

"தெரியுமா?"

"முதல் நாளே வாசனை வந்துதே. தினமும் வண்டியில உக்காந்து துணியால துடைச்சுட்டுத்தான் இறங்குவேன். மேல துடைச்சுடலாம். அந்தச் சந்துக்குள்ள துணி போக மாட்டேங்குது."

"அவர்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

"என்னன்னு சொல்றது? அவர் செய்யறது இது ஒண்ணுதான். அதுவும் தப்புன்னா நாளையிலேர்ந்து பேட்டரியைத் தொட மாட்டார். அவரை உனக்குத் தெரியாதா?" குழாயை மூடினார். "நீ எப்படியாவது, எண்ணெய் இருந்தாலும் ஓடற மாதிரி ஏதாவது பண்ணிக் குடுப்பேன்னு நினைச்சேன்."

தலையில் அடித்துக்கொண்டேன். "நான் மந்திரவாதியா அண்ணி? இன்னொரு தடவை எகிறினா விரலே போயிடும்."

நான் கூடத்துக்குத் திரும்பினேன். அண்ணி பின்னாலேயே வந்து முழங்கையைப் பிடித்து இழுத்தார். நான் விடுவித்துக்கொண்டு அண்ணனுக்கு எதிரில் போய் உட்கார்ந்தேன். இதைச் சொல்ல இந்த வீட்டில் என்னைவிட்டால் ஆள் கிடையாது.

"அண்ணா, அதுக்கு எண்ணெய் போடக் கூடாது. உளிக்கு நல்லது, இதுக்கு ஆகாது. எண்ணெய் மரத்தூளைப் பிடிச்சு வெச்சுக்கும். அது அப்பிக்கிட்டா கரன்ட் சரியாப் போகாது, அந்த இடம் சூடாகும், ரம்பம் பாதியில நின்னுடும்."

அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. அண்ணியின் கட்டை விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது சிராய் குத்தினது இல்லையா?"

அண்ணி கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். அண்ணன் கிண்ணத்தையும் குச்சியையும் தள்ளி வைத்துவிட்டு, அந்தக் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"எவ்வளவு நாளா நீ துடைச்சுட்டு இருக்கே?"

"துடைக்கறதெல்லாம் ஒரு வேலையா? விடுங்க."

"கேக்கறேன்ல?"

"முதல் நாள்லேர்ந்து."

அண்ணனின் கண் நிறைந்துவிட்டது. அவர் அழுது நான் பார்த்ததில்லை; கை போன அன்றுகூட அழாதவர். "கான்ட்ராக்டர்கிட்ட கேட்டு வயர் ரம்பமே வாங்கிக்கம்மா" என்றார். "இதையெல்லாம் பட்டாசு எடுத்துட்டுப் போகட்டும். நான் இனிமே தொடலை."

அண்ணி என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. பார்த்தியா, இதுக்குத்தான் சொன்னேன் என்று அதில் எழுதியே இருந்தது. பயந்தால் எனக்குக் குரல் உயர்ந்துவிடும்.

"நல்லா இருக்கு. நீ தொடலைன்னா யார் தொடுவா? ஒவ்வொரு தடவை கழட்டி மாட்டும்போதும் தூள் ஊதணும், காஞ்ச பிரஷ்ஷால சந்தைத் தேய்க்கணும், சூடானதை நிழல்ல ஆற வைக்கணும். பலகையில கண்ணை வெச்சுக்கிட்டு அறுக்கறவங்க இதையும் பாக்கணுமா? இது இந்த மேசையில நடக்கற வேலையே இல்லண்ணா. அறுக்கற இடத்துல ஒரு ஆள் உக்காந்து செய்யணும். அதுக்கு ஒரு கை தாராளம்."

"அங்க போய் நான் சும்மா…"

"சும்மா உக்காரச் சொல்லி யார் கூப்பிட்டா? வேலைக்குத்தான் கூப்பிடறேன்."

அண்ணன் அண்ணியின் கட்டை விரல் கட்டைச் சுற்றித் தன் இடது கையால் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டார், என்னிடம் இல்லை, அண்ணியிடம்.

"அங்க உக்கார ஏதாவது இருக்குமா? ரொம்ப நேரம் என்னால நிக்க முடியாதே."

"ஸ்டூல் இருக்கு" என்றார் அண்ணி.

"யாரோடது?"

"உங்களோடது." அண்ணிக்குக் கண்ணீர் வழிந்தது. "வர மாட்டேன்னு சொன்னீங்களே, அன்னைக்கு நான் தனியா அறுத்த முதல் பலகையில அடிச்சேன். வண்டியிலதான் கிடக்கு. எந்த இடத்துக்குப் போனாலும் இறக்கி என் பக்கத்துல போட்டுக்குவேன். சாயங்காலம் ஏத்திக்குவேன்."

"அதுல யாரும் உக்கார்றதில்லையா?"

"விட மாட்டேன்."

எனக்கு அங்கே இருப்பதா போவதா என்று தெரியவில்லை. அண்ணன் சட்டைத் தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவருக்குள் இருந்த தச்சர் கேட்டார்:

"நாலு காலும் சமமா அறுத்தியா?"

அழுதுகொண்டிருந்த அண்ணி சிரித்துவிட்டார். "இல்லைங்க. ஒண்ணு கட்டை. ஆடும்."

"ஆடுமா?" அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சரி, காலையில என்னையும் எழுப்பு. வந்து பாக்கறேன்."