தொடாத கை

ரிச்சர்ட்ஸ் டவுன் வீட்டின் மாடி அறை தனக்குத்தான் என்பதில் கேத்தரினுக்கு வெகுகாலம் சந்தேகமே வந்ததில்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் நிமிர்ந்து உட்கார்ந்து வேலை பார்த்தவள். கல்யாணம் வேண்டாம் என்று சொன்னவள். கீழே தம்பி பால்ராஜும் அவன் மனைவி ஜூடித்தும் இருந்தார்கள். ஜூடித் கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளி வீட்டுப் பெண். கல்யாணப் பந்தியில் எல்லோர் காதிலும் விழும்படி, "தகரக் கொட்டாயில பொறந்தவளுக்கு எங்க வீட்டு மரப்படி ஏறத் தெரியுமா?" என்று கேத்தரின் கேட்டுவிட்டாள். அன்றோடு பேச்சு நின்றது. சாப்பாட்டுத் தட்டை மூடி, மேல் படியில் வைத்துவிட்டு ஜூடித் இறங்கிவிடுவாள்.

இரண்டாயிரமாவது வருஷக் கோடையில், குழாயில் காவிரித் தண்ணீர் வந்த காலையில், கேத்தரின் குனிந்து ஒரு பக்கெட்டைத் தூக்கினாள். நடுமுதுகில் சுளீரென்றது. விழவில்லை, எங்கும் இடித்துக்கொள்ளவுமில்லை. ஆனால் எலும்பெல்லாம் உளுத்த கட்டைபோல் மெலிந்துவிட்டது, முதுகெலும்பில் ஒன்று நொறுங்கி அமுங்கியிருக்கிறது என்றார் டாக்டர்.

அவள் கட்டில் கீழே கூடத்துக்கு வந்தது. கூடம் ஜூடித்தின் ராஜ்யம். வலி குறைந்து எழுந்தபோது கேத்தரினுக்குக் கூன் விழுந்திருந்தது. உடம்பு முன்னால் தள்ளியது. நாலடி வைத்தால் சுவரைத் தேடினாள். சாஃப்ட்வேர் கம்பெனிப் பையன் ஒருவன் மாடியை வாடகைக்குக் கேட்கிறான் என்று அவள் காதுபடவே ஜூடித் புருஷனிடம் சொன்னாள். பால்ராஜுக்கு இரண்டு பேரையும் பகைத்துக்கொள்ளத் தைரியமில்லை. கிறிஸ்துமஸுக்குள் அக்கா யார் உதவியும் இல்லாமல் படியேறினால் அறை அவளுக்கு, இல்லாவிட்டால் அந்தப் பையனுக்கு என்று தீர்ப்புச் சொல்லி ஒதுங்கிக்கொண்டான்.

பிசியோதெரபிஸ்ட் கவியரசன் வாரம் இருமுறை வந்தான். ஜோலார்பேட்டைப் பக்கத்துக் கிராமம். தெருவிலேயே தான்தான் முதல் பட்டதாரி என்று பையைத் திறக்கும் முன்பே சொன்னான். அந்தத் தெருவில் மொத்தம் எத்தனை வீடு என்று கேத்தரின் கேட்டாள். அவன் சிரிக்கவில்லை. அவளைச் சுவரில் முதுகு ஒட்ட நிறுத்தி, தோளைப் பின்னால் தள்ளச் சொன்னான். குனியக்கூடாது, முறுக்கித் திரும்பக்கூடாது. ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். ஒரு பாதத்தின் விரலுக்கு முன்னால் மறு பாதத்தின் குதிகாலை வைத்து நடக்க வேண்டும்.

பால்ராஜ் பின்னால் நின்றால், அவள் அசைவதற்கு முன்பே தோளைப் பிடித்துவிடுவான். இப்படிப் பிடித்துக்கொண்டே இருந்தால் கால் எதையும் கற்றுக்கொள்ளாது என்றான் கவியரசன். விழப்போனால் மட்டும் தாங்குகிற மாதிரி கையை வைத்துக்கொண்டு, தொடாமல் நிற்க ஆள் வேண்டும். அதுவும் தினமும்.

சமையலறை வாசலிலிருந்து ஜூடித் வந்தாள்.

"நான் நிக்கறேன். தொடாம இருக்கறது எனக்கு ஒண்ணும் கஷ்டமில்ல."

காலையில் பால்ராஜ் ஆபீஸ் கிளம்பியதும் கூடத்தில் பயிற்சி, இரண்டு பேரும் மட்டும். கேத்தரின் காலைத் தூக்குவாள், ஆடுவாள், ஊன்றுவாள். பின்னாலிருந்து ஜூடித், கொக்கு இன்னும் கொஞ்சம் நல்லா நிக்கும் என்பாள். உன் மூச்சு என் கழுத்தில் படுகிறது, தள்ளி நில் என்பாள் கேத்தரின். இவள் முன்னால் விழக்கூடாது என்ற வீறாப்பில் அவள் கால் கட்டைவிரல் தரையைக் கவ்வப் பழகியது. மழைக்காலம் முடிவதற்குள் சுவரைத் தேடாமல் வாசல்வரை போனாள்.

டிசம்பரில் ஒரு ஞாயிறு, சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும், கேத்தரின் படியில் கால் வைத்தாள். பால்ராஜ் கீழே நின்றான், அங்கிருந்து படியின் திருப்பம் தெரியாது. ஜூடித் ஒரு படி பின்னால். திருப்பத்தில் கைப்பிடி விட்டுப்போய், இரண்டு படி தள்ளித்தான் மறுபடி ஆரம்பிக்கும். அங்கே கேத்தரின் உடம்பு பின்னால் சாய்ந்தது. பின்னால் இருக்கும் கை இப்போது வந்துவிடும் என்று முதுகு காத்திருந்தது. கை வரவில்லை. குதிகாலை அழுத்தினாள், நெஞ்சை நிமிர்த்தினாள், நின்றாள். பிறகு மிச்சப் படிகளையும் ஏறினாள்.

"நீ பிடிச்சியா?" பால்ராஜ் மனைவியைக் கேட்டான்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும், அறை ஜூடித்தின் கைக்கு வந்துவிடும். கேத்தரின் மேலே நின்று அவள் வாயையே பார்த்தாள். ஜூடித் எதையும் தொடாத கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"இத்தனை வருஷமா தொடாத முதுகு. இன்னிக்கா தொடுவேன்?"

அறையில் புதுச் சுண்ணாம்பு வாசனை. வாடகைக்காரனுக்காக ஜூடித் முன்கூட்டியே வெள்ளையடித்து வைத்திருந்தாள். கேத்தரின் கதவை அறைந்து சாத்தினாள்.

மறுநாள் கவியரசன் அவளை வாழ்த்திவிட்டு, பயிற்சியை நிறுத்தக்கூடாது என்றான். இன்னொரு எலும்பு அமுங்க ஒரு சறுக்கல் போதும். உயிர் உள்ளவரை செய்ய வேண்டும், பின்னால் ஆளும் வேண்டும். வேறு யாரையாவது சொல்லேன் என்று கேத்தரின் கேட்டுப் பார்த்தாள். தொடாமல் நிற்க உங்கள் தம்பி மனைவியைவிட யார் கிடைப்பார்கள் மேடம் என்றான்.

அடுத்த நாள் காலை அவள் மேல் படியில் வந்து நின்றாள்.

"ஏய் தகரக் கொட்டாய். வந்து நில்லு."

கீழே தேங்காய் துருவும் சத்தம் நிற்கவில்லை. மூடி முழுவதையும் துருவி முடித்து, கை கழுவி, அதன்பிறகே ஜூடித் ஏறி வந்தாள்.

"தகரக் கொட்டாய் மரப்படி ஏறி வந்தாச்சு அண்ணி. நீங்க ஒத்தைக் காலைத் தூக்குங்க."