சுகந்தி கடக்கச் சொன்ன சாலை

கல்லூரியில் முதல் வகுப்பை முடித்துவிட்டு ஆசிரியர் அறைக்குத் திரும்பியபோது கைபேசி அடித்தது. அறிமுகமில்லாத பெண் குரல்.

"நான் நஸ்ரீன் பேசுறேன். சுகந்தி மேடம்கிட்ட வேலை செய்றேன். மேடம் போய்ட்டாங்க மேடம். காலைல நெஞ்சு வலின்னாங்க, ஆஸ்பத்திரி போறதுக்குள்ள..."

எனக்கு முன்னால் யார் யாருக்குச் சொன்னாய் என்று கேட்க வந்து, வாயை மூடிக்கொண்டேன்.

சுகந்தி அவர்களை அறியாதவர்களும் அல்சூர் ஏரிப் பக்கம், கூரையில் சிவப்புப் பலகை வைத்த வெள்ளைக் கார் ஒன்று தயங்கித் தயங்கிப் போவதைப் பார்த்திருப்பார்கள். பெண்களுக்கான அந்த ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கி நடத்தியவர் அவர். அதற்கு முன்பு என்னைப் போல வேதியியல் விரிவுரையாளர். பிள்ளைகள் பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிறகு, 1991இல், இருவரும் ஒரே கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தோம். ஒரே பல்கலைக்கழகத்துப் பட்டம். மதிப்பெண் எனக்குத்தான் கூடுதல். இதை இப்போது எழுத வேண்டியதில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

மாணவிகள் சந்தேகம் கேட்க அவரிடம்தான் போனார்கள். புரியவில்லை என்று ஒரு பெண் சொன்னால் நான் இன்னொரு முறை விளக்குவேன். அவர் நேரே போய் அந்தப் பெண்ணின் பெஞ்சில் உட்கார்ந்து கரும்பலகையைப் பார்ப்பார். "இங்கேர்ந்து பாத்தா பாதி போர்டு வெயில்ல பளபளங்குது. எனக்கே ஒண்ணும் தெரியலையே" என்பார். வகுப்பு சிரிக்கும். அந்தச் சிரிப்பு சுவரைத் தாண்டி என் வகுப்பறைக்குக் கேட்கும்.

மூன்று ஆண்டுகள் கழித்து ஒருநாள், சாப்பாட்டு வேளையில், டிபன் பாக்ஸ் மூடியில் விரலால் ஒரு பலகை வரைந்து காட்டினார்.

"சிவப்புல இருக்கும். தமிழ், கன்னடம், இங்கிலீஷ் மூணுலயும் எழுதணும். கார் மேல வைக்கணும்."

"எந்தக் கார் மேல?"

"அது இனிமேதான் வாங்கணும்."

அது ஏன் நடக்காது என்று ஒவ்வொரு காரணமாகச் சொன்னேன். பெண்கள் வரமாட்டார்கள். வந்தாலும் வீட்டில் விடமாட்டார்கள். நிரந்தர வேலையை யாராவது விடுவார்களா? அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு சாப்பிட்டு முடித்தார்.

"உன் கணக்கு சரிதான் விஜி. ஆனா நீ போட்ட கணக்குல நான் இல்லையே."

அந்த ஆண்டே வேலையை விட்டார். கார் வந்தது. பலகையும் வந்தது, டிபன் பாக்ஸ் மூடியில் பார்த்த அதே வடிவத்தில்.

சிவாஜிநகரில் ஒருமுறை பயிற்சி வண்டி நடுரோட்டில் நின்றுவிட்டது. பின்னால் வந்த ஆட்டோக்காரர், "மனேலி அடுகே மாடம்மா" என்று கத்தினார். வீட்டில் இருந்து சமையல் செய் என்று கன்னடத்தில் ஏச்சு. நானாக இருந்தால் பதிலுக்கு ஏசியிருப்பேன், அல்லது காது கேளாதவள் போல் இருந்திருப்பேன். சுகந்தி இறங்கிப் போய், அவர் இடத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேட்டாராம். "அங்கேர்ந்து பாத்தா நம்ம பிரேக் லைட் தெரியவே இல்லடி. குனிஞ்சு குனிஞ்சு முதுகு போகுது அந்த மனுஷனுக்கு" என்று வந்து சொன்னார். அடுத்த மாதம் அந்த ஆட்டோக்காரரே தன் மகளைக் கொண்டுவந்து சேர்த்தார். இப்படியெல்லாம் நடக்குமா என்று எனக்குச் சந்தேகம். அந்தப் பெண்ணை நேரில் பார்த்த பிறகும் சந்தேகம் முழுவதும் தீரவில்லை.

பல ஆண்டுகள் சாக்குச் சொல்லிவிட்டு, கடைசியில் நானும் கற்றுக்கொள்ளப் போனேன். சாவிக்குக் கை நீட்டினேன். காய்கறி நிரம்பிய கூடை ஒன்றைக் கையில் கொடுத்தார்.

"ஸ்டியரிங்க அப்புறம் தொடலாம். முதல்ல ரோட்டைக் கடந்துட்டு வா. நான் எதிர்ல மெதுவா ஓட்டிட்டு வரேன்."

"இந்த வயசுல எனக்கு ரோடு கடக்கத் தெரியாதா?"

"கடக்கத் தெரியும். கடக்கறவங்க மனசு தெரியாது. போடி."

அவரிடம் கற்ற எல்லாருக்கும் அதுதான் முதல் பாடம். ஏரிக்கரைச் சாலையில் கூடையோடு கடந்தேன். கார் வந்து நின்றது. கண்ணாடியை இறக்கினார்.

"எல்லாரும் டயரைப் பார்ப்பாங்க, இல்ல பம்பரைப் பார்ப்பாங்க. நீ வண்டியையே பாக்கல. என் மூஞ்சியப் பாத்த."

"அதுக்கென்ன?"

"இவ ஓட்டறாளேன்னு பாத்த."

கூடையை மறு கைக்கு மாற்றிக்கொண்டேன்.

"பொறாமையா விஜி?"

"ஆமாம்."

கோபப்படுவார் என்று நினைத்தேன். கூடையை வாங்கிப் பின்சீட்டில் வைத்தார். "நல்லது. ஆசையே இல்லாதவங்களுக்குப் பொறாமை வராது. ஏறு."

அன்று ஏறினேன். இன்றும் என் காரை நான்தான் ஓட்டுகிறேன்.

அதோடு பொறாமை போய்விட்டது என்று எழுதினால் பொய். என் மகள் மருத்துவம் வேண்டாம் என்று முடிவெடுத்தபோது முதலில் சொன்னது அவரிடம். ஏன் என்று கேட்டேன். "நீ சரியா தப்பான்னு சொல்லுவம்மா. ஆன்ட்டி, உனக்கு எப்படி இருக்குன்னு கேப்பாங்க" என்றாள். அந்தக் கேள்வியை நானும் பழகிப் பார்த்தேன். என் வாயில் அது விசாரணை போல ஒலித்தது.

செய்தி கேட்டு அவர் வீட்டுக்குப் போனேன். தெருவில் இடமில்லை. எங்கும் பெண்கள் ஓட்டிவந்த கார்கள். எதிர்ப்புறம் கிடைத்த ஓர் இடுக்கில் நிறுத்திவிட்டு உள்ளே போனேன். "என்னைப் புரிஞ்சுக்கிட்டது அவங்க ஒருத்தங்கதான்" என்று ஒரு பெண் அழுதாள். சற்று நேரத்தில் இன்னொருத்தி அதையே சொன்னாள். பிறகு நஸ்ரீன். நான் சொல்ல வைத்திருந்ததும் அதுதான். சொல்லாமல் சுவரோரம் நின்றேன்.

மாலையில் எடுத்தார்கள். பெண்கள் வாசலோடு நின்றுவிட்டோம். என் காருக்குப் போகச் சாலையில் இறங்கியபோது அமரர் ஊர்தி கிளம்பி எதிரே வந்துவிட்டது. ஓட்டுநர் என்னைப் பார்த்து நிறுத்தினார். கடந்து போங்கள் என்று கை காட்டினார். அவர் தோளுக்குப் பின்னால் மாலைகள் தெரிந்தன. இரு பக்கமும் தெருவே வழிவிட்டு நின்றது.

கடந்தேன். இந்த முறையும் நான் வண்டியைப் பார்க்கவில்லை, சுகந்தி. உன்னைத்தான் பார்த்தேன். அதே பார்வைதான். போய் வா.